300 எம்பிபிஎஸ் இணைய வேகம் இருந்தும் குரல் ஏன் உடைகிறது?

கேள்வி: வீட்டிலிருந்தே மாலை நேரத்தில் ஆன்லைன் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் ஐந்து பேர். முன்பு 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) இணையப் பிளான் வைத்திருந்தோம். ஏழு மணிக்கு மேல் என் குரல் விட்டுவிட்டுக் கேட்பதாக மாணவர்கள் சொன்னதால் 300க்கு மாறினோம். பலனில்லை. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் டவுன்லோட் 280, அப்லோட் 18 என்று காட்டுகிறது. அப்லோட் முன்பும் இதே அளவுதான். மகனின் ஆன்லைன் கேம்தான் நெட்டை எல்லாம் இழுக்கிறது என்பது கணவரின் வாதம். அதனால் வகுப்பு நேரத்தில் அவன் கணினியைத் தொடவே கூடாது என்று தடை போட்டுவிட்டார். அப்படியும் குரல் உடைகிறது. மகன் கேமிங் ரூட்டர் வாங்கச் சொல்கிறான். கொழுந்தனார் 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) பிளான் என்கிறார். தோழி மெஷ், அதாவது வீட்டில் பல இடங்களில் வைக்கும் வைஃபை பெட்டிகள், போடச் சொல்கிறாள். இணையத்தில் தேடினால் டிஎன்எஸ்ஸை மாற்று, விபிஎன் போடு, வைஃபை 7 வாங்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ரூட்டர் கூடத்தில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. நான் பின்னறையில் உட்கார்ந்து வகுப்பெடுக்கிறேன். எதற்குத்தான் பணம் செலவழிப்பது?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு எதற்கும் செலவழிக்க வேண்டாம். முதல் வேலையாக மகன் மேல் போட்ட தடையை எடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. அவன் கணினியைத் தொடாத நாட்களிலும் உங்கள் குரல் உடைந்திருக்கிறது. அப்படியென்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் அமைத்துத் தருவது என் தொழில். "பையன் விளையாடியே நெட்டைத் தீர்த்துவிடுகிறான்" என்ற புகாரைக் கேட்காத மாதம் இல்லை. பெரும்பாலும் அது அநியாயமான புகார். ஆன்லைன் கேமில் படமும் ஒலியும் அவன் கணினியிலேயே உருவாகின்றன. இணையத்தில் போய் வருவது யார் எங்கே நிற்கிறார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது போன்ற சின்னச் சின்னத் தகவல்கள்தான். விளையாடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலான கேம்கள் விநாடிக்கு ஒரு மெகாபிட்டைக்கூடத் தாண்டுவதில்லை. அதே நேரத்தில் கூடத்தில் ஒருவர் 4கே தரத்தில் படம் பார்த்தால் 15 மெகாபிட் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. கேம் அப்டேட் மட்டும் விதிவிலக்கு. அது பல பத்து ஜிகாபைட் வரை போகும். அதை இரவில் இறக்கிக்கொள்ளும்படி மகனிடம் சொன்னால் போதும். விளையாடாதே என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். உயர்தரத்தில் வீடியோ கால் நடத்தவே அப்லோடில் ஒரு 3, 4 எம்பிபிஎஸ், டவுன்லோடில் அதே அளவு இருந்தால் போதும். குரலுக்கு மட்டும் என்றால் 0.1 எம்பிபிஎஸ்ஸே தாராளம். உங்களிடம் முன்பு இருந்த 100க்கே அது எந்த மூலைக்கு? 300க்கு மாறியும் பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறினாலும் இதே கதைதான் நடக்கும், ஒரு நிபந்தனையைத் தவிர. அதைக் கீழே சொல்கிறேன்.

விளம்பரங்களில் பெரிதாகப் போடும் எம்பிபிஎஸ் என்ற எண், ஒரு விநாடியில் எவ்வளவு போகலாம் என்பதைச் சொல்கிறது. நீங்கள் பேசிய சொல் எவ்வளவு நேரம் கழித்துப் போய்ச் சேர்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. இந்தத் தாமதத்துக்கு லேட்டன்சி என்று பெயர். கேமர்கள் பிங் என்று சொல்வது, போய்த் திரும்பி வர ஆகும் இந்தத் தாமதத்தைத்தான். இணையத்தில் தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். ஒரு பாக்கெட் 20 மில்லி விநாடியிலும் அடுத்தது 200 மில்லி விநாடியிலும் போய்ச் சேர்ந்தால், அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் ஜிட்டர். உங்கள் குரல் உடைவதற்கு இவை இரண்டும்தான் நேரடிக் காரணம்.

வீடியோ கால் செயலி உங்கள் குரலைப் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பும். அந்தப் பக்கம் இருக்கும் மாணவரின் செயலி, துண்டுகள் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் சமாளிக்க ஒரு சிறு அவகாசம் வைத்திருக்கும். அந்த அவகாசத்தைத் தாண்டி வரும் துண்டை அது தூக்கி எறிந்துவிடும், ஏனென்றால் ஒலிக்க வேண்டிய நேரம் போய்விட்டது. மாணவர்களுக்குக் கேட்காமல் போன உங்கள் சொற்கள் பலவும் தொலையவில்லை, நேரம் கடந்து போய்ச் சேர்ந்திருக்கின்றன. பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பரிந்துரை.

இந்தத் தாமதம் எங்கே உண்டாகிறது? உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களில் என் கண் போய் நின்றது 280இல் அல்ல, 18இல். டவுன்லோட் மும்மடங்கு ஆனது, அப்லோட் அப்படியே நிற்கிறது. உங்கள் குரலும் முகமும் வெளியே போவது அந்த 18 வழியாகத்தான். ஏழு மணிக்கு மேல்தான் உடைகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள், அவரவர் போன் வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும். பகல் முழுக்க எடுத்த படங்களையும் வீடியோக்களையும் போன்கள் பேக்கப்புக்கு அனுப்பத் தொடங்கும். திரையில் எதுவும் தெரியாது, யாரும் எதையும் தொடவும் வேண்டாம். பைக்குள் கிடக்கும் போனும் இதைச் செய்யும். வீட்டில் கிளவுடுக்கு அனுப்பும் கேமரா இருந்தால் அதுவும் இடைவிடாமல் அப்லோடைத் தின்னும். என் அனுபவத்தில் மாலை நேரக் குரல் உடைப்புக்கு அதிகம் காரணமாகிற இரண்டில் இது ஒன்று. இன்னொன்று வைஃபை, அதைப் பிறகு பார்ப்போம்.

அப்லோட் நிரம்பினால் குரல் ஏன் தாமதமாக வேண்டும், கொஞ்சம் மெதுவாகப் போனால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பலரும் அறியாத ஒரு கோளாறு இருக்கிறது. கோப்புகளை அனுப்பும் மென்பொருள், வழியின் கொள்ளளவு தெரியாமல்தான் தொடங்குகிறது. அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், எங்காவது பாக்கெட் தொலைந்தால் "வழி நிரம்பிவிட்டது" என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். இந்தக் கட்டுப்பாடு இணையத்தில் வந்ததற்குப் பின்னால் ஒரு சம்பவம் உண்டு. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்தில் 400 கஜ தூரத்தில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே, விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் திணித்ததால் வந்த நெரிசல். வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து, தொலைவதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் முறையை 1988இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றும் இணையம் நடப்பது அந்த அடித்தளத்தின் மேல்தான்.

ஆனால் பின்னாளில் ரூட்டர், மோடம் தயாரித்தவர்கள், பாக்கெட் தொலைவதே கூடாது என்று நினைத்துப் பெரிய பெரிய நினைவகங்களை உள்ளே வைத்தார்கள். நிரம்பும்போது எதையும் கீழே போடாமல் வரிசையில் நிறுத்தி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. எதுவும் தொலையாததால் அனுப்பும் மென்பொருள் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நம்பி மேலும் மேலும் அனுப்பும், வரிசை நீளும். ஒற்றைக் கவுண்டரில் மூட்டை மூட்டையாகப் பார்சல் அனுப்ப வந்தவருக்குப் பின்னால், ஒரே ஒரு கடிதத்தோடு நிற்கிறவர் போல உங்கள் குரல் மாட்டிக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அப்லோட் விநாடிக்கு 18 மெகாபிட். ரூட்டரிலோ மோடத்திலோ 2 மெகாபைட் அளவுக்கு வரிசை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக அது 16 மெகாபிட். அது வெளியேற ஏறத்தாழ 0.9 விநாடி ஆகும். அதன் பின்னால் நிற்கும் உங்கள் குரல் துண்டுக்கு 900 மில்லி விநாடித் தாமதம். ஐடியூ சொன்ன 150 எங்கே, இது எங்கே! 2010 வாக்கில் பெல் லேப்ஸில் இருந்த ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர், தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் இணைப்பு தடுமாறுவதைத் துருவிப் பார்த்துத்தான் இந்தக் கோளாறை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பஃபர்ப்ளோட் என்று அதற்குப் பெயர் வைத்ததும் அவர்தான். நிபுணர் வீட்டிலேயே இருந்த கோளாறு உங்கள் வீட்டில் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது இதுதானா என்று தெரிந்துகொள்வது சுலபம், காசும் ஆகாது. வழக்கமான ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோட் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். ஊக்லா ஸ்பீட்டெஸ்டில் பிங் மூன்றாகக் காட்டப்படும்: சும்மா இருக்கும்போது, டவுன்லோட் நடக்கும்போது, அப்லோட் நடக்கும்போது. நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் தளத்திலும் கூடுதல் விவரங்களைத் திறந்தால், சும்மா இருக்கும்போதும் இணைப்பு வேலை செய்யும்போதும் உள்ள பிங் தெரியும். ஊக்லாவில் முதல் எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10, 20 மில்லி விநாடி ஏறினால் கவலையில்லை. 100க்கு மேல் ஏறினால் வகுப்பில் தெரியத் தொடங்கும். பல நூறு ஏறினால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

இந்தச் சோதனையை உங்கள் மகனிடமே கொடுங்கள். அவன் விளையாடும் திரையில் பிங் எண்ணைக் காட்டும்படி வைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான கேம்களில் உண்டு. அவன் பல மாதங்களாக அந்த எண்ணைப் பார்த்து எரிச்சல்பட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். ஒரு மாலை உங்கள் வகுப்பு நேரத்தில் அவனை விளையாட விடுங்கள். எண் எப்போது எகிறுகிறது என்று நேரத்தோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் குரல் உடையும் நேரமும் அந்த நேரமும் ஒன்றானால், ஒரே கோளாறு இருவரையும் அடிக்கிறது. பிறகு எல்லாப் போன்களிலும் படப் பேக்கப்பை நிறுத்திவிட்டு மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். இதை உங்கள் கணவரும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அப்பாவும் பிள்ளையும் ஒரே எண்ணைப் பார்த்தால் சண்டை தானாகவே ஓயும். அவன் குற்றவாளி இல்லை என்று தெரிந்தால் அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதின்வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

அப்லோட் வரிசைதான் காரணம் என்று தெரிந்தால் செலவில்லாத தீர்வு, பேக்கப்பை இரவுக்குத் தள்ளுவது. அது முடியாவிட்டால், அல்லது யாராவது மறந்துபோய்த் திரும்ப ஆன் செய்துவிடுவார்கள் என்றால், ரூட்டரிலேயே ஒரு ஏற்பாடு உண்டு. கேத்லீன் நிக்கோல்ஸும் மேலே சொன்ன அதே வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், பாக்கெட்டுகள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்று பார்த்து, வேண்டிய நேரத்தில் ஒன்றைக் கீழே போட்டு, அனுப்புகிறவருக்கு உணர்த்தும் முறை அது. அதிலிருந்து வளர்ந்த எஃப்கியூ கோடெல், ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போட்டு முறை வைத்து அனுப்புகிறது. அப்புறம் உங்கள் குரல் படக் குவியலுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. இந்த முறை 2018இல் இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப்பின் ஆவணமாகவும் வெளிவந்துவிட்டது.

உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்த வரிசை ஏற்பாடு எஸ்கியூஎம், ஸ்மார்ட் கியூ என்ற பெயரில் இருக்கிறதா பாருங்கள். கியூஓஎஸ் என்ற பெயரிலும் சில ரூட்டர்களில் இருக்கும், ஆனால் அந்தப் பெயரில் வருவதெல்லாம் இந்த வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது. ஆன் செய்தபின் மேலே சொன்ன சோதனையைத் திரும்பப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதில் வேக வரம்பு கேட்கும். அளந்த வேகத்தில் 90 விழுக்காடு கொடுங்கள். உங்கள் அப்லோடுக்கு 16 என்று வைக்கலாம். வேகத்தை வேண்டுமென்றே குறைப்பதா என்று வீட்டில் கேட்பார்கள். வரிசை மோடத்தில் சேராமல், புத்தியுள்ள ரூட்டரில் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குறைப்பு. டவுன்லோடுக்கும் இதைப் போட்டால் சில பழைய ரூட்டர்களின் செயலி 300ஐச் சமாளிக்க முடியாமல் திணறும். அப்படியானால் அப்லோடுக்கு மட்டும் போடுங்கள். உங்கள் வீட்டுக்கு அது போதும்.

பெரிய பிளான் பற்றி மேலே ஒரு நிபந்தனை என்றேனே, அது இதுதான். 1 ஜிபிபிஎஸ் பிளானில் அப்லோடும் 100, 200 என்று ஏறுமானால், வரிசை சேர்வது நிச்சயம் குறையும். எனவே கொழுந்தனார் சொன்னது முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் பிளான் மாற்றும் முன் அப்லோட் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் அது சின்ன எழுத்தில் இருக்கும், பல இடங்களில் இருக்கவே இருக்காது. அது அதே 18ஆகத்தான் இருக்கும் என்றால் ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இனி இரண்டாவது சந்தேகம். ரூட்டர் கூடத்தில் டிவிக்குப் பின்னால், நீங்கள் பின்னறையில். இதைப் படித்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை. டிவியின் பின்புறம் உலோகத் தகடு. அதன் பின்னால் ரூட்டரை ஒளித்து வைப்பது, விளக்கை ஏற்றி அலமாரிக்குள் பூட்டுவதுதான். பார்வைக்கு அழகாக இல்லை என்று பலரும் இப்படி வைக்கிறார்கள், அப்புறம் வைஃபை சரியில்லை என்று புது ரூட்டர் வாங்குகிறார்கள். அதை வெளியே எடுத்து, தரையிலிருந்து உயரமாக, வீட்டின் நடுப்பகுதிக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக வையுங்கள். கண்ணாடி பதித்த பீரோ, மீன் தொட்டி, கான்கிரீட் சுவர் இவை மூன்றும் சிக்னலை நன்றாகத் தடுக்கும்.

வைஃபையைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று, ஒரு சேனலில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரூட்டர் அதே சேனலில் இருந்தால் அதற்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான் உண்டு. ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. எல்லோரும் வீட்டில் இருக்கும் மாலையில் அங்கே நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் நிறைய, நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். உங்கள் மடிக்கணினி பின்னறையில் எதில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 5 கிடைக்காமல் தானாகவே 2.4க்கு மாறியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. திரையின் மூலையில் நான்கு கோடும் நிறைந்திருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அந்தக் கோடுகள் சிக்னலின் பலத்தைக் காட்டும், நெரிசலைக் காட்டாது.

வைஃபையா வெளி இணைப்பா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வகுப்பு நடக்கும்போதே ரூட்டருக்குப் பிங் ஓடவிடுங்கள், அதாவது சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் சோதனை. அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். மகனுக்கு எப்படிச் செய்வதென்று தெரிந்திருக்கும். ரூட்டர் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது, பதில் சில மில்லி விநாடிகளில் வந்தாக வேண்டும். அது 100, 200 என்று குதித்தால் கோளாறு வைஃபையில். ரூட்டருக்குப் பிங் நன்றாக இருந்து வெளியே மட்டும் குதித்தால், மேலே சொன்ன வரிசையோ வெளி இணைப்போ காரணம்.

வைஃபைதான் என்றால் நான் சொல்லும் முதல் மருந்து லேன் கேபிள். கேட் 5இ ரகக் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட்டைச் சுமக்கும். விலை குறைவு, பராமரிப்பு கிடையாது. இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள், இந்தக் காலத்தில் ஒயரா என்று. நீங்கள் பொழுதுபோக்குக்கு நெட் பார்க்கவில்லை, வகுப்பெடுக்கிறீர்கள், அதுதான் உங்கள் வேலை. ஓரிடத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிற எவருக்கும் ஒயர்தான் சரி. சுவரோரமாக ஒருமுறை இழுத்துவிட்டால் பக்கத்து வீட்டு வைஃபையும் மைக்ரோவேவும் உங்கள் வகுப்பைத் தொட முடியாது. நீங்கள் விலகிக்கொண்டதால் மற்றவர்களுக்கும் வைஃபையில் இடம் கிடைக்கும்.

கேபிள் இழுக்கவே வழியில்லாத வீடு என்றால் தோழி சொன்ன மெஷ்ஷை யோசிக்கலாம். ஆனால் ஒன்று. மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் வைஃபையில்தான் என்றால், அதுவும் காற்றில் நேரத்தை எடுக்கும். தங்களுக்குள் பேசத் தனி அலைவரிசை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவு ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு முறை அனுப்புவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அதை மட்டும் வாங்கவே வேண்டாம்.

மற்ற யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஎன்எஸ்ஸை 8.8.8.8க்கோ 1.1.1.1க்கோ மாற்றினால் தளத்தின் பெயரைக் கண்டுபிடிக்கும் நேரம் கொஞ்சம் மாறலாம். அழைப்பு தொடங்கியபின் அதற்கு அங்கே வேலையே இல்லை. விபிஎன் வேறொரு சர்வர் வழியாகக் கூடுதலாக ஒரு சுற்று சுற்றிப் போகும், பெரும்பாலும் தாமதத்தைக் கூட்டும். வைஃபை 7 கருவிகளுக்கு 2024 ஜனவரியில்தான் சான்றிதழ் தரத் தொடங்கினார்கள். ரூட்டரும் மடிக்கணினியும் இரண்டுமே அந்தத் தலைமுறையாக இருந்தால்தான் அதன் முழுப் பலன்.

கேமிங் ரூட்டர் என்பதில் கொம்பு கொம்பாக நிற்கும் ஆண்டெனாவுக்கும் வண்ண விளக்குக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் மகனின் எண்ணத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் ரூட்டரில் எஸ்கியூஎம் இல்லை, பாதுகாப்பு அப்டேட்டும் வருவதில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போது பெட்டியில் கேமிங் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல், எஸ்கியூஎம் இருக்கிறதா, உங்கள் வேகத்தை அது ஆன் செய்த நிலையிலும் தாங்குமா என்று பாருங்கள். சிலர் தங்கள் ஸ்பீட் டெஸ்ட் எப்போதும் 94, 95இலேயே நிற்கிறது என்று எழுதுவார்கள். அங்கே ரூட்டரின் போர்ட்டோ கேபிளோ 100 எம்பிபிஎஸ் ரகமாக இருக்கும், அல்லது கேபிளின் எட்டு ஒயரில் ஒன்று அறுந்திருக்கும். உங்களுக்கு 280 வருவதால் ரூட்டருக்கு வரும் கேபிளிலும் போர்ட்டிலும் அந்தக் கோளாறு இல்லை.

இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஒருவர் வீட்டில் ரூட்டர் டிவிக்குப் பின்னால் இருந்திருக்கும், மெஷ் வாங்கியதும் சரியாகியிருக்கும். இன்னொருவருக்குப் பிளான் மாற்றியதும் அப்லோட் ஏறியிருக்கும். என்ன வாங்கினோம் என்பதை எழுதுகிறார்கள். எங்கே கோளாறு இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை எழுதுவதில்லை, ஏனென்றால் பலர் கண்டுபிடிக்கவே இல்லை. அதிலும் 900 காட்டும் ஸ்பீட் டெஸ்ட் படத்தைப் போட்டு "எனக்கு வருகிறதே" என்று பேசுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அடுத்தவர் வீட்டு எண்ணைப் பார்த்து நம் வீட்டில் என்ன குறை என்று சொல்ல முடியாது. யாராவது ஒன்றை வாங்கச் சொன்னால், வாங்கும் முன்பும் பின்பும் டவுன்லோட், அப்லோட் நடக்கும்போது பிங் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்து, லேன் கேபிளில் மடிக்கணினியை இணைத்து, மற்ற எல்லாக் கருவிகளையும் அணைத்தபின்னும் மாலையில் பிங் குதிக்கிறது, பாக்கெட்டுகள் தொலைகின்றன என்றால், கோளாறு வீட்டுக்கு வெளியே இருக்கிறது. நிறுவனத்தின் வழியிலேயே மாலை நெரிசல் இருக்கலாம், வெளியிலிருந்து வரும் லைனில் பழுது இருக்கலாம். "நெட் ஸ்லோ" என்று மட்டும் புகார் சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும். தேதி, நேரம், கேபிளில் எடுத்த பிங், தொலைந்த பாக்கெட் விழுக்காடு, காலையில் எடுத்த எண், மாலையில் எடுத்த எண் என்று ஒரு வாரத்துக்கு எழுதி வைத்து, அதை எழுத்தில் அனுப்புங்கள். அந்தப் பட்டியலை அடுத்த நிலைப் பொறியாளருக்கு அனுப்பச் சொல்லி, புகார் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களும் கைவிரித்தால் அதே பட்டியலை எனக்கு அனுப்புங்கள், எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.